போட்டி கர்லிங்கில் ஒரு வீராங்கனையின் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்டம் எப்படி நடக்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கர்லிங் என்பது பனியின் மேல் கனமான கல்லைச் சறுக்கவிட்டு, மறுமுனை வட்டத்தின் நடுவுக்கு அருகில் நிறுத்தும் குழு விளையாட்டு. ஓடும் கல்லுக்கு முன்னால் பனியைத் துடைப்பத்தால் தேய்த்து அதன் போக்கைச் சரிசெய்வார்கள். பனித்தளம் சுமார் 45.7 மீட்டர் நீளம், அதிகபட்சம் 5 மீட்டர் அகலம். இரு முனையிலும் வட்டங்கள் இருக்கும். அதுதான் ஹவுஸ். அதன் ஆரம் 1.83 மீட்டர், நடுப்புள்ளிக்குப் பட்டன் என்று பெயர். அணிக்கு நால்வர்: வழக்கமாகக் கல் விடும் வரிசையில் லீட், செகண்ட், தேர்ட், பிறகு தலைவரான ஸ்கிப். ஆளுக்கு இரண்டு கல் வீதம், எதிரணியோடு மாறி மாறி விடுவார்கள். பதினாறு கல்லும் முடிந்தால் ஓர் எண்ட். பட்டனுக்கு மிக அருகில் யாருடைய கல் நிற்கிறதோ அந்த அணிக்கு மட்டுமே புள்ளி. எதிரணியின் நெருங்கிய கல்லைவிட உள்ளே நிற்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. உலக மகளிர் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் 10 எண்ட்.

ஓர் எண்டின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு ஹேமர் என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுக்க வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் வைத்திருந்தவர்களிடமே தங்கிவிடும். ஆட்டத்தின் வியூகம் முழுக்க இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது: ஹேமர் கையில் இருந்தால் இரண்டு புள்ளிக்கு விளையாடு, இல்லாவிட்டால் எதிரணியை ஒன்றோடு நிறுத்து, முடிந்தால் அந்த ஒன்றையும் பறி.

பெண்களுக்குக் கல்லின் எடை குறைவா?

இல்லை. ஆண், பெண் இருவருக்கும் அதே கல்தான்: 17.24 முதல் 19.96 கிலோ வரை எடையுள்ள கிரானைட். ஸ்காட்லாந்தின் எய்ல்சா கிரெய்க் தீவிலிருந்து எடுத்த கல்லுக்குத்தான் நெடுநாளாக முதல் மரியாதை. தளமும் விதியும்கூட ஒன்றே. கல்லை யாரும் தூக்கி எறிவதில்லை, பனியின் மேல் சறுக்கியபடி விடுகிறார்கள். அதனால் பெரிய உடம்பு ஒரு தகுதி அல்ல. வித்தியாசம் தெரியும் இடங்கள் இரண்டு: ஒரே கல்லால் இரண்டு, மூன்று கற்களை அதிவேகத்தில் அகற்றும் அடி, துடைப்பத்தை அழுத்தும் பலம். கடந்த பதினைந்து ஆண்டுகளில் வீராங்கனைகள் உடற்பயிற்சிக் கூடத்தில் செலவிடும் நேரம் கூடியதால் இந்த இடைவெளியும் நன்றாகச் சுருங்கிவிட்டது.

எந்த வயதில் தொடங்கினால் மேல்மட்டத்துக்குப் போகலாம்?

முன்னணி வீராங்கனைகளில் பெரும்பாலோர் சிறு வயதிலேயே, பெற்றோர் ஆடிய கிளப்பில் தொடங்கியவர்கள். உலக ஜூனியர் போட்டிக்கு 21 வயதுக்குள் இருக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் ஈவ் மியூர்ஹெட் 2007, 2008, 2009, 2011 என நான்கு முறை ஜூனியர் பட்டம் வென்று, 2013-ல் மகளிர் உலகப் பட்டத்தையும் எடுத்தார். ஆனால் இருபது வயதுக்கு மேல் தொடங்குபவருக்குக் கதவு மூடிவிடவில்லை. வேறு விளையாட்டிலிருந்து வரும் வலுவான ஒருவர் லீட் அல்லது செகண்டாக, துடைப்பை நம்பி, சில ஆண்டுகளில் நல்ல அணியில் இடம்பிடிக்க முடியும். ஸ்கிப் ஆவதற்குத்தான் ஆயிரக்கணக்கான எண்டுகளின் அனுபவம் வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

லீட், செகண்ட், தேர்ட், ஸ்கிப்: எனக்கு எது பொருந்தும்?

லீட் முதல் இரண்டு கல்லை விட்டுவிட்டு அடுத்த ஆறு கல்லுக்கும் துடைக்கிறார். அவருக்கு வேண்டியது மென்மையான வேகத்தில் துல்லியம். ஹவுஸுக்கு முன்னால், பாதையை மறைக்கும் கார்டு கல்லை வைக்க வேண்டும், சரியாக அந்த இடத்தில். ஐந்து கல் விதிப்படி ஓர் எண்டின் முதல் ஐந்து கல் முடியும்வரை எதிரணியின் கார்டு கல்லை ஆட்டத்திலிருந்து வெளியேற்றக் கூடாது. அதனால் லீட் வைக்கும் கல் முன்பைவிட நீண்ட நேரம் உயிரோடிருக்கிறது, அவருடைய மதிப்பும் கூடியிருக்கிறது.

செகண்ட் பெரும்பாலும் அணியின் வேகமான அடியை வைத்திருப்பவர். தேர்ட் எல்லா வகை அடியும் தெரிந்தவராகவும், ஸ்கிப் கல் விடும்போது மறுமுனையில் துடைப்பம் பிடித்து நிற்பவராகவும் இருப்பார். ஸ்கிப்தான் வியூகம் வகுப்பவர். ஒவ்வோர் அணிக்கும் 10 எண்டுக்கு 38 நிமிட யோசனை நேரம். கல் ஓடும் நேரம் அதில் சேராது. அதைப் பங்கிட்டுச் செலவழிப்பதும் ஸ்கிப்பின் பொறுப்பு. முதல் மூன்று எண்டில் விவாதித்தே கரைத்துவிட்டுக் கடைசி எண்டில் ஓடி ஓடி விடும் அணிகள் நிறைய உண்டு.

ஸ்கிப்தான் கடைசிக் கல்லை விட வேண்டும் என்று விதி இல்லை. 2019, 2021, 2022, 2023 என அடுத்தடுத்து நடந்த நான்கு உலகப் போட்டிகளை வென்ற சுவிட்சர்லாந்து அணியில் ஸ்கிப் சில்வானா டிரின்சோனி மூன்றாவதாக விட்டார், கடைசிக் கற்களை அலீனா பேட்ஸ் விட்டார். தலைமையையும் கடைசிக் கல்லின் சுமையையும் இருவருக்குப் பிரித்துக் கொடுப்பது நல்ல யோசனை என்றே சொல்வோம்.

கல் விடும்போது தொடக்கக்காரர்கள் எங்கே தவறுகிறார்கள்?

வலது கைக்காரர் வலது காலை ஹேக்கில், அதாவது உதைத்துக் கிளம்பும் ரப்பர் பிடியில், ஊன்றுகிறார். கல்லைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இடுப்பை உயர்த்தி, கல் முன்னே நகர்ந்த பிறகே உதைக்க வேண்டும். கல்லுக்கு முன் உடம்பு கிளம்பிவிட்டால் சறுக்கும் கால் கல்லைச் சுற்றி வளைந்து போகும், திசை கோணும். சறுக்கும் இடது பாதம் மார்பின் நடுவுக்கு நேர் கீழே வந்து நிற்க வேண்டும். அது வெளியே தள்ளி நின்றால் சமநிலைக்காகக் கல்லின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். கல்லில் பாரம் ஏற்றினால் விடும் நொடியில் அது ஒரு பக்கம் துள்ளும்.

அடுத்தது சுழற்சி. கைப்பிடியை பத்து மணி அல்லது இரண்டு மணி நிலையில் வைத்துக்கொண்டு, கடைசி ஒரு மீட்டரில் பன்னிரண்டு மணிக்குத் திருப்பி விட வேண்டும். மறுமுனை போய்ச் சேர்வதற்குள் கல் இரண்டரை முதல் நான்கு சுற்று சுழன்றால் போதும். அதற்குக் குறைந்தால் சுழற்சி பாதியில் நின்று கல் எந்தப் பக்கமும் போகலாம். அதிகம் சுழன்றால் வளையவே வளையாது. திருப்பத்தை முன்கூட்டியே தொடங்கினால் கை வெளியே வீசி, குறி ஒரு கல் அகலம் தவறும்.

விடும் முனையின் ஹவுஸைத் தாண்டிக் குறுக்கே போடப்பட்டிருக்கும் ஹாக் கோட்டைத் தொடுவதற்கு முன் கல்லை விட்டுவிட வேண்டும். பெரிய போட்டிகளில் கைப்பிடிக்குள் உணரி இருக்கும். தாமதமாக விட்டால் சிவப்பு விளக்கு எரியும், கல் உடனே நீக்கப்படும். அந்த உணரி வெறுங்கையைத்தான் உணரும் என்பதால் விடும் கையில் கையுறை கூடாது.

எல்லோரும் வேகம், வேகம் என்கிறார்களே, அதை எப்படிப் பழகுவது?

இந்த விளையாட்டில் ஒரு வீராங்கனையை நீண்ட நாள் நிற்கவைப்பது இதுதான். குறி தவறினால் துடைப்பாளர்கள் ஓரளவு காப்பாற்றுவார்கள். வேகம் கூடிப்போன கல்லை யாராலும் நிறுத்த முடியாது.

மேல்மட்ட அணிகள் வேகத்தை எண்ணால் பேசுகின்றன. 1 முதல் 3 வரை கார்டு நிற்கும் இடங்கள், 4 ஹவுஸின் முன்விளிம்பு, 7 பட்டன் வழியே போகும் டீ கோடு, 10 பின்விளிம்பு. விட்ட நொடியில் விட்டவர் "ஐந்து" என்று கத்துவார். துடைப்பாளர்கள் தங்கள் கணிப்பைத் திருப்பிச் சொல்வார்கள். ஸ்கிப் அதைக் கேட்டுத்தான் திசைக்காகத் துடைக்கச் சொல்வதா, தூரத்துக்காகச் சொல்வதா என்று முடிவெடுப்பார்.

துடைப்பாளரின் கையில் நிறுத்துக்கடிகாரம் இருக்கும். விடும் முனையில் ஹவுஸின் பின்விளிம்பைத் தொட்டுச் செல்லும் பின்கோட்டிலிருந்து ஹாக் கோடு வரை கல் எடுக்கும் நேரத்தை அளப்பார்கள். நல்ல பனியில் ஹவுஸுக்குள் நிற்க வேண்டிய கல்லுக்கு அது நான்கு விநாடியை ஒட்டி இருக்கும். நூறில் ஐந்து பங்கு விநாடி மாறினாலே கல் நிற்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்து நகரும். ஆனால் கடிகாரத்தில் ஒரு பொறி உண்டு. கடைசி நொடியில் கையால் சிறிது தள்ளி விடுபவரின் கல், கடிகாரம் சொல்வதைவிட வேகமாகப் போகும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை வேண்டும். இன்னொருவரின் நேரத்தோடு ஒப்பிடுவது வீண்.

பயிற்சிக்கு ஒரு முறை: துடைப்பே இல்லாமல் எட்டுக் கல், கடிகாரச் சுற்றில் நான்கு, எதிர்ச்சுற்றில் நான்கு, எல்லாமே டீ கோட்டுக்கு. ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். விட்டதும், கல் நிற்பதற்கு முன்பே, உங்கள் எண்ணைச் சொல்லிவிடுங்கள். கல் நின்ற இடத்தைவிடச் சொன்ன எண் சரியா என்பதுதான் முக்கியம். கணிப்பு சரியாகிவிட்டால் கை தானே பின்தொடரும்.

பனி ஆட்டத்தின் நடுவே மாறிக்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. தளத்தின் மேல் நீர்த்துளி தெளித்து உறையவைத்த நுண்மேடுகள்மீதுதான் கல் ஓடுகிறது. அடிக்கடி கல் ஓடும் நடுப்பாதையில் அவை தேய்ந்து வேகம் கூடும். யாரும் போகாத ஓரத்தில் உறைபனி படிந்து மந்தமாகும். முதல் எண்டில் சரியாக இருந்த வேகம் ஏழாவது எண்டில் ஹவுஸைத் தாண்டிப் போவது இதனால்தான்.

துடைப்பதால் உண்மையில் என்ன பயன்?

அழுத்தித் தேய்க்கும்போது பனியின் மேற்பரப்பு சற்றுச் சூடாகி உராய்வு குறைகிறது. கல் கூடுதலாக 3 மீட்டர் வரைகூடப் போகும், வளைவும் தாமதமாகும். வேகத்தைவிட அழுத்தம் முக்கியம். உடல் எடையைத் துடைப்பத் தலையின் மேல் கொண்டுவந்து, குதிகாலைத் தூக்கி, தலையைக் கல்லுக்கு மிக அருகில் வைத்துத் தேய்க்க வேண்டும். துடைப்பம் கல்லில் பட்டால் அந்தக் கல் ஆட்டத்திலிருந்து போய்விடலாம்.

2015–16 சீசனில் சில துடைப்பத் துணிகள் பனியைக் கீறி, கல்லை வேண்டிய பக்கம் திருப்பும் அளவுக்குப் போனது பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு அங்கீகரிக்கப்பட்ட ஒரே வகைத் துணிதான் போட்டிகளில் அனுமதி. வாங்கும் முன் உலகக் கர்லிங் கூட்டமைப்பின் அந்த சீசன் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். தலையும் துணியும் இரண்டுமே பட்டியலில் இருக்க வேண்டும்.

என்ன உபகரணம் வேண்டும்?

காலணிதான் முதல் செலவு. சறுக்கும் காலில் டெஃப்லான் அடி, மற்றதில் பிடிப்புள்ள ரப்பர். டெஃப்லான் தடிமன் கூடக் கூட வேகமாகச் சறுக்கும். போட்டி வீராங்கனைகள் பெரும்பாலும் 6 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமனுக்குப் போகிறார்கள். சமநிலை வராமல் அதற்குப் போனால் இடுப்பு திறந்து விழுவீர்கள். பிறகு கார்பன் இழைக் கைப்பிடியுள்ள துடைப்பம், நன்கு இழுபடும் கால்சட்டை, கடிகாரம். பிடிப்பு ரப்பரை நடக்கும் தரையில் போட்டுத் திரியாதீர்கள். அதில் ஒட்டிய மணல்துகள் ஒன்று பனியில் விழுந்தால் போதும், கல் சட்டென்று திசை மாறிவிடும்.

கற்கள் எல்லாம் ஒன்றுதானே? ஐந்தாவது வீராங்கனை எதற்கு?

ஒன்றல்ல. கல்லின் அடியில் பனியைத் தொடுவது சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வளையம் மட்டுமே. அது தேய்ந்த அளவைப் பொறுத்து ஒரு கல் சற்று வேகமாகவும் இன்னொன்று அதிகம் வளைந்தும் போகும். ஒரு அணியின் எட்டுக் கற்களில் ஒன்றுபோல் ஓடும் இரண்டைச் சேர்த்து ஜோடியாக்க வேண்டும். மிக ஒத்த ஜோடி கடைசிக் கல் விடுபவருக்கு. மிகவும் முரண்டுபிடிக்கும் ஜோடி வழக்கமாக லீடுக்குப் போகும். அவர் விடும்போது தளத்தில் தடை குறைவு என்பதே காரணம்.

இந்த வேலையைச் செய்வது ஐந்தாவது வீராங்கனையும் பயிற்சியாளரும்தான். அன்றைய ஆட்டங்கள் முடிந்ததும் இரவுப் பயிற்சி நேரத்தில், மறுநாள் ஆடவிருக்கும் தளத்தில், ஒவ்வொரு கல்லாக ஒரே வேகத்தில் விட்டுக் கடிகாரத்தில் பார்த்துக் கைப்பிடி எண்ணோடு எழுதிவைப்பார்கள். நன்றாக விடத் தெரிந்தவரால் மட்டுமே இது முடியும். விடுபவரின் கை ஆடினால் குற்றம் கல்லுடையதா கையுடையதா என்று எப்படித் தெரியும்? ஐந்தாமவரை வெறும் மாற்று ஆளாக நினைப்பது பெரிய தவறு.

ஆட்டத்துக்கு முன் விடும் இரண்டு கல் எதற்கு?

முதல் எண்டின் ஹேமர் யாருக்கு என்று தீர்மானிக்க. ஒவ்வோர் அணியிலும் இருவர், ஒருவர் கடிகாரச் சுற்றில், மற்றவர் எதிர்ச்சுற்றில், பட்டனை நோக்கி விடுவார்கள். இரண்டின் தூரத்தையும் சென்டிமீட்டரில் கூட்டி, குறைந்த தொகை உள்ள அணிக்கு ஹேமர். ஹவுஸுக்குள் நிற்காத கல்லுக்கு 199.6 செ.மீ. கணக்கு. தொடர் முழுவதுமான சராசரி, வெற்றி எண்ணிக்கை சமமாகும்போது யார் முன்னே என்று பிரிக்கவும் உதவுகிறது. அரையிறுதி வாய்ப்பே சில சென்டிமீட்டரில் போவதுண்டு. அதனால் இதற்கென்றே தினமும் பயிற்சி செய்யுங்கள்.

ஓர் ஆண்டு எப்படி ஓடும்?

கோடையில் உடற்பயிற்சி, ஓகஸ்ட்–செப்டம்பரில் பனிக்குத் திரும்புதல், பிறகு ஏப்ரல் வரை வார இறுதிப் போட்டிகள், கிராண்ட் ஸ்லாம் தொடர்கள், நாட்டுப் போட்டி, உலகப் போட்டி. கனடாவில் நாட்டுப் பட்டத்துக்கான ஸ்காட்டீஸ் போட்டி பிப்ரவரியை ஒட்டி நடக்கும். ஜெனிஃபர் ஜோன்ஸும் கொலீன் ஜோன்ஸும் அதை ஆளுக்கு ஆறு முறை வென்ற ஸ்கிப்கள்.

உலகப் போட்டிக்கும் ஒலிம்பிக்குக்கும் எப்படித் தேர்வாவது?

மகளிர் உலகப் போட்டி 1979-ல் ஸ்காட்லாந்தின் பெர்த்தில் தொடங்கியது. ஒலிம்பிக்கில் மகளிர் கர்லிங் பதக்க விளையாட்டானது 1998 நகானோவில். அங்கே சாண்ட்ரா ஷ்மிர்லரின் கனடா அணி தங்கம் வென்றது. ஒலிம்பிக்கில் 10 அணிகள்: ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் ஆடி, முதல் நான்கு அரையிறுதிக்குப் போகும்.

இடம் கிடைப்பது நாட்டுக்குத்தான், அணிக்கு அல்ல. எந்த அணி போகும் என்பதை அந்தந்த நாடு முடிவுசெய்யும். கனடா தனித் தேர்வுப் போட்டி நடத்துகிறது. பிரிட்டனில் தேர்வுக்குழு பொறுக்குகிறது. உலகப் போட்டி வழியே இடம் கிடைக்காதவர்களுக்கு ஒலிம்பிக் தகுதிப் போட்டி என்று ஒரு கடைசி வாசல் உண்டு. மியூர்ஹெட்டின் பிரிட்டன் அணி 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் லேயுவார்டனில் நடந்த தகுதிப் போட்டி வழியாகத்தான் உள்ளே வந்தது. இரண்டு மாதத்தில் பெய்ஜிங் இறுதியில் ஜப்பானை 10-3 என்று வென்று தங்கம் எடுத்தது.

இதில் பிழைக்க முடியுமா?

மிகச் சிலரால்தான். பரிசுத்தொகையை நான்கு, ஐந்து பேர் பிரித்து, பயணம், தங்குமிடம், பயிற்சியாளர் செலவைக் கழித்தால் மிச்சம் சொற்பம். நிலையான வருமானம் வருவது விளம்பரதாரர்களிடமிருந்தும் அரசு விளையாட்டு உதவித்தொகையிலிருந்தும். பிரிட்டனில் முழுநேரத் திட்டம் இருக்கிறது. தென்கொரியாவில் உள்ளாட்சி, மாகாண நிர்வாகங்கள் அணிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் வேலையும் ஆட்டமும் சேர்ந்தே ஓடும். ஜெனிஃபர் ஜோன்ஸ் வழக்கறிஞர். 2006, 2010 என இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்வீடனின் ஆனெட் நோர்பெரி காப்பீட்டுத் துறைக் கணிப்பாளர். வியாழன் முதல் திங்கள் வரை விடுப்பு தரும் வேலையைத் தேடிக்கொள்வதும் இந்தப் பாதையில் ஒரு திறமைதான்.

அணிகள் ஏன் நான்காண்டுக்கு ஒருமுறை கலைகின்றன?

ஒலிம்பிக் முடிந்த வசந்தத்தில் எல்லோரும் அடுத்த நான்காண்டைக் கணக்கிடுகிறார்கள். யார் தொடர்கிறார்கள், யார் நகர்கிறார்கள் என்று ஒரே மாதத்தில் எல்லாம் மாறும். கனடாவில் தனி அணியின் ஸ்கிப்பாக இருந்த டிரேசி ஃப்ளூரி 2022-ல் இன்னொரு கனடா ஸ்கிப்பான ரேச்சல் ஹோமனோடு சேர்ந்தார். அந்த அணி 2024, 2025 உலகப் பட்டங்களை வென்றது. இதற்கு நேரெதிர் உதாரணம் ஸ்வீடனின் அன்னா ஹாசல்போரி அணி: அதே நால்வர் 2018-ல் தங்கமும் 2022-ல் வெண்கலமும் எடுத்தார்கள்.

எங்கள் பார்வையில், நல்ல கையைவிட ஒத்துப்போகும் நால்வர் அரிது. சேரும் முன்பே எழுத்தில் பேசி முடியுங்கள்: எத்தனை போட்டி, செலவுக்கு யார் எவ்வளவு, பரிசு எப்படிப் பிரியும், ஐந்தாமவருக்குப் பங்கு உண்டா, ஒருவர் விலகினால் தகுதிப் புள்ளிகள் யாரோடு போகும். பிளவுகளில் பாதி பணக் கணக்கில் தொடங்குகிறது.

எந்தக் காயங்கள் வரும்?

இடுப்பு மூட்டு, முழங்கால், கீழ்முதுகு. துடைப்பாளர்களுக்கு இவற்றோடு தோள்பட்டை, மணிக்கட்டு. ஒரே பக்கமாக ஆயிரக்கணக்கான முறை ஆழமாகச் சறுக்குவதால் இடுப்பு எலும்பு உரசும். மியூர்ஹெட்டே இடுப்பில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். எதிர்ப் பக்கத்துக்கும் சமமாக வலுப்பயிற்சி செய்வது, இடுப்புத் தசைகளைத் தளர்த்தாமல் முதல் கல்லை விடாமலிருப்பது, இவைதான் எளிய காப்பு.

குழந்தை பெற்றுக்கொண்டால் ஆட்டம் போச்சா?

இல்லை. 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் கனடாவின் மாற்று வீராங்கனை கிறிஸ்டி மூர் ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பத்தோடு களத்தில் இருந்தார். ஹோமன் 2021 ஸ்காட்டீஸ் போட்டியில் எட்டு மாதக் கர்ப்பிணியாக ஆடினார். வழக்கமாக முதலில் நிறுத்துவது துடைப்பை. பிறகு வயிறு பெரிதாகும்போது சறுக்கும் நிலை மாறுகிறது, வேகக் கணிப்பை மறுபடி பழக வேண்டிவரும். மருத்துவரின் ஒப்புதல் கட்டாயம். அணியில் ஐந்தாமவரைத் தயாராக வைத்திருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தள தசைகள் தேறும்வரை ஆழ்ந்த சறுக்கலை அவசரப்படுத்தக் கூடாது.

எத்தனை வயது வரை ஆடலாம்? பிறகு என்ன?

வான்கூவர் இறுதியில் கூடுதல் எண்டில் 7-6 என்று வென்றபோது நோர்பெரிக்கு 43. ஹேமர் கையிலிருந்தும் தோற்ற கனடா ஸ்கிப் செரில் பெர்னார்டும் நாற்பதைக் கடந்தவர். ஜெனிஃபர் ஜோன்ஸ் 2014 சோச்சியில் ஒரு ஆட்டமும் தோற்காமல் தங்கம் வென்றபோது 39, பெய்ஜிங்கில் ஆடியபோது 47. துடைப்பாளர்களுக்குத்தான் உடல் முன்னதாகக் கணக்குக் கேட்கும். முப்பதுகளின் நடுவில் பலர் தேர்ட் இடத்துக்கு மாறுகிறார்கள், அல்லது 8 எண்ட் மட்டுமே உள்ள கலப்பு இரட்டையருக்குப் போகிறார்கள்.

ஆட்டம் விட்ட பிறகு பயிற்சியாளர், தொலைக்காட்சி வர்ணனையாளர், விளையாட்டு நிர்வாகி என்று வழிகள் இருக்கின்றன. ஷ்மிர்லரின் செகண்ட் ஜோன் மெக்கஸ்கர் வர்ணனைக்குப் போனார். 2022 ஓகஸ்டில் ஓய்வுபெற்ற மியூர்ஹெட் 2026 குளிர்கால ஒலிம்பிக்குக்குப் பிரிட்டன் ஒலிம்பிக் குழு முழுவதற்கும் தலைமை நிர்வாகியாக நியமிக்கப்பட்டார். பயிற்சியாளர் தகுதிச் சான்றிதழ் படிப்பை ஆடிக்கொண்டிருக்கும்போதே கோடை மாதங்களில் தொடங்கிவிடுவது நல்லது. ஜூனியர் அணிகள் ஆள் தேடுவது பெரும்பாலும் சீசன் முடிந்தவுடன்தான்.